நாய்க்கு நாம் பட்ட கடன்

"காலை வெட்டியே ஆகவேண்டும்" என்று வைத்தியர் கூறும்பொழுது நோயாளியின் நெஞ்சம் என்ன பாடுபடும்! 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரிலே, 82 வயது மூதாட்டி ஒருவர் அச்சொல்லைக் கேட்டார். கேட்டும் உடன்பட மறுத்தார். தொடை நாடி ஒடுங்கிக் குருதி இறங்காமையால் அவருடைய பாதம் அழுகத் தொடங்கியிருந்தது.

எக்ஸ் கதிர் வைத்திய நிபுணரான சாள்ஸ் டொட்டர் அவருக்குச் சிகிச்சையளிக்க முன்வந்தார். அவர் வெட்டுக் கத்தியை நாடவில்லை. சனவரி 16ஆம் நாள், தோலிலே சிறு துளையிட்டு, நாடியினுள் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தினார். அதன்வழியே முதலிற் சிறிய குழாயையும் பின்னர் பெரிய குழாயையும் புகுத்தி ஒடுக்கத்தை அகட்டினார். குளிர்ந்திருந்த பாதம் சூடேறிற்று. மூதாட்டியார் அதன்பின் வாழ்ந்த காலமெல்லாம் தம் சொந்தக் கால்களிலேயே நடந்தார்.

ஆயினும், நாடியை அகட்டுவதென்பது அதனைக் காயப்படுத்துவதுமாகும். உட்சுவர் கிழிகிறது. அவ்விடத்திற் குருதி உறையலாம். சுவர் மீண்டும் ஒடுங்கலாம். ஆறும் புண் தழும்பாகத் தடித்து வழியை மறுபடியும் மூடலாம். காயம்பட்ட நாடியை உள்ளிருந்தே தாங்கிப் பிடிப்பது எவ்வாறு? இதனை நோயாளர் உடலிலே முதலிற் சோதித்தல் தகுமா?

டொட்டர் நாய்களிடத்தே பரீட்சித்தார். முழங்காலின் பின்புற நாடியில் வைத்த பிளாஸ்டிக் குழாய்கள் குருதி உறைந்து அடைபட்டன. பின்பு உலோகக் கம்பியைச் சுருள்வில்லாக்கி வைத்தார். அத்தகைய சுருள்கள் ஈராண்டுக்கும் மேலாக வழிவிட்டு நின்றன. 1969இல் அவர் வெளியிட்ட இவ்வாராய்ச்சியே, இன்று இருதய நோயாளர் பலரும் அறிந்த 'ஸ்டென்ற்' என்னும் வலைக்குழாய்க்கு முன்னோடியாயிற்று.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குறுன்சிக் என்பவர் குழாயின் நுனியிற் சிறு பலூனைப் பொருத்தி, முதலில் நாய்களின் இருதய நாடிகளிற் பரீட்சித்தார். 1977 செத்தெம்பர் 16இல் மனிதர் ஒருவரின் இருதய நாடியை அவ்வாறே விரித்தார்.

பின்வந்த ஆராய்ச்சியாளர் பன்றியைத் தேர்ந்தனர். அதன் இருதய நாடிகள் அளவிலும் அமைப்பிலும் மனிதனுடையவற்றை ஒத்தவை. பலூனால் அளவுக்கு மீறி விரித்த நாடியிலே தசைக் கலங்கள் பெருகுவதையும், காயம் ஆழமாகுந்தோறும் தழும்பு தடிப்பதையும் கண்டனர். அப்பெருக்கத்தை அடக்கும் மருந்து பூசிய வலைக்குழாய்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தன.

ஒன்றை மறத்தலாகாது. இளம் பன்றியின் மென்மையான நாடி வேறு; கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்த முதியவரின் நாடி வேறு. விலங்கிற் கண்ட வெற்றி மனிதனிடத்தும் அப்படியே வாய்க்குமெனக் கொள்ளுதல் தவறு.

இச்சீவன்கள் தாமாக முன்வந்தவையுமல்ல. இங்கிலாந்தின் றசல், பேர்ச் என்னும் அறிஞர் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: மாற்றுவழி இருப்பின் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல். இன்று பல நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்கள் இவற்றை ஏற்றுள்ளன.

நம் வீட்டுப் பெரியவரொருவர் இருதய நாடியில் வலைக்குழாயுடன் வைத்தியசாலையிலிருந்து திரும்பி, மாலை வேளையில் முற்றத்தில் உலாவும்போது வைத்தியரை வாழ்த்துகிறோம். வாசலிற் படுத்திருக்கும் நாயையும் ஒரு கணம் நன்றியோடு நோக்குவோமாக.