புதுக் கருப்பட்டி வாங்கும் நேரம்

போர்ச்சுகலில் போர்ட் ஒயின் செய்பவர்கள், திராட்சைச் சாறு முழுதாகப் புளிக்கும் முன்பே பிராந்தி சேர்த்துப் புளிப்பை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு தங்கிவிடும். நம் குளச்சல் பக்கத்துப் பனையேறிகள் இனிப்பைக் காப்பது சுண்ணாம்பால். கலயத்தின் உள்ளே பூசிய அந்தச் சுண்ணாம்புதான் அக்கானியை, அதாவது பதநீரை, கள்ளாக விடுவதில்லை.

கோடையில் அந்த அக்கானியைக் காய்ச்சிய புதுக் கருப்பட்டி வரும்போது, வருஷத்துக்கும் வாங்கி வைக்கிறவர்கள் முதலில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலான பழுப்பு நல்லது. கற்கண்டுபோல மினுமினுத்தால் சீனி கலந்திருக்கலாம். பிறகு ஒரு துண்டை நாக்கில் வையுங்கள். லேசான உப்பு குறையே அல்ல, பனை நின்ற மண்ணின் குணம். புளித்தால், புளித்த அக்கானியைக் காய்ச்சியது. அது சரியாக இறுகாது, சீக்கிரம் இளகும். கசந்தால் அடிப்பிடித்தது.

விலையையும் பாருங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் அக்கானி வேண்டும். ஏறி இறங்கும் உழைப்பு, விறகு எல்லாம் சேர்த்தால் மலிவாகக் கொடுக்க வழியே இல்லை.

கருப்பட்டிக்கு எதிரி ஈரம். கடற்காற்று வீசும் ஊரில் இரண்டே மழையில் கசிந்துவிடும். அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகைபட வைத்தார்கள். கேஸ் அடுப்பு வீடுகளில், நன்றாகக் காய்ந்த மண்பானையில் ஓலை விரித்து அடுக்கி, வாயைத் துணியால் இறுகக் கட்டி வையுங்கள். ஈரக்கை மட்டும் உள்ளே போகக் கூடாது.