கைக்குழந்தையின் தோலும் ஊரிலிருந்து வரும் பூச்சுகளும்

குழந்தை பிறந்த வீட்டிற்கு ஊரிலிருந்து வரும் அம்மம்மாவின் பயணப்பையில் கண்மைச் சிமிழும் பவுடர் டப்பாவும் தவறாமல் இருக்கும். அன்போடு வருபவை அவை. ஆயினும், ஜேர்மனியின் கடைகளில் விற்கப்படும் குழந்தைப் பூச்சுகள் கடந்து வரும் சட்டச் சோதனை எதனையும் அவை கடந்து வருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 இலக்க அழகுசாதனப் பொருள் ஒழுங்குவிதி 2013 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. மூன்று வயதிற்குட்பட்டோருக்கான பொருள் எதுவும் சந்தைக்கு வருமுன், அவ்வயதினருக்கெனத் தனியான பாதுகாப்பு மதிப்பீடு செய்யப்படல் வேண்டும். இதற்குப் பரபென் நல்ல எடுத்துக்காட்டு. புரோப்பைல்பரபென், பியூட்டைல்பரபென் ஆகியவை பூச்சுகள் கெட்டுப்போகாதிருக்கச் சேர்க்கப்படுபவை. குறித்த அளவிற்குள் அனுமதிக்கப்பட்டவை. ஆனால் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அணையாடை கட்டும் இடத்தில் பூசிக் கழுவாது விடும் களிம்புகளில் அவற்றை 2014 ஆம் ஆண்டின் விதியொன்று தடைசெய்தது. ஈரத்தால் சிவந்து புண்பட்ட தோல், மூடிக் கட்டப்பட்ட நிலையில், அவற்றைக் கூடுதலாக உள்ளிழுக்கக்கூடும் என்பதே காரணம்.

கண்மையின் நிலை வேறு. சில கண்மைகளுக்கும் சுர்மாவிற்கும் கருநிறத்தைத் தருவது ஈய சல்பைடு. ஈயம் இங்கு அழகுசாதனங்களில் தடைசெய்யப்பட்ட பொருள். குழந்தை கண்ணைக் கசக்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். உடலிற் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. வெளியில் அடையாளம் எதுவும் தெரியாதிருக்கலாம். இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டும். கண்ணூறு கழிக்கத் தமிழர் வழக்கில் வேறு வழிகள் இல்லாமலில்லை.

சளிக்குத் தேய்க்கும் கற்பூர, மெந்தோல் தைலங்களை மூக்கருகிலோ நெஞ்சிலோ பூசினால் கைக்குழந்தையின் குரல்வளை இறுகி மூச்சுத் தடைப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் உடனே 112 ஐ அழைக்கவும். டால்க் பவுடரைக் குழந்தையின் மூக்கிற்கும் வாய்க்கும் அணுகவிடலாகாது. இவ்வெச்சரிக்கை டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் பொதியில் இருத்தல் சட்டக் கடமை. அவை இல்லாத பொருளை, தமிழ்க் கடையில் வாங்கியதாயினும், குழந்தைக்குப் பூசாது விடுவதே நன்று. அத்தகைய பொருள் விற்கப்படுவதை லேபன்ஸ்மிற்றல்யூபர்வாகுங் எனப்படும் உணவுக் கண்காணிப்புப் பிரிவிற்கு அறிவிக்கலாம். பெயரில் உணவு இருப்பினும் அழகுசாதனங்களும் அதன் பொறுப்பிலேயே உள்ளன.

ஐயமிருப்பின் பொருளைப் பொதியுடன் ஹெபாமையிடம் காட்டவும். குழந்தை பிறந்து 12 வாரங்கள் வரை அவர் வீட்டிற்கு வந்து பார்ப்பதற்கான செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது.