ஏறும் நில மதிப்பு: அந்த வரி யாருக்கு?

ஒரு சாலையை அகலப்படுத்தி, பக்கத்தில் இரயில் நிலையமும் கட்டினால் அங்குள்ள கடைவீடுகளின் விலை ஏறும். விலை ஏறினால் சொத்து வரியும் ஏறும். நாளை ஏறப்போகும் அந்த வரியைக் காட்டி இன்றே கடன் வாங்கி, சாலையையும் நிலையத்தையும் கட்ட முடியாதா? முடியும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1952இல் வழிகாட்டியது. அங்கே இதை 'டிஃப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வரி உயர்வு நிதி எனலாம்.

கணக்கு எளிது. ஒரு வட்டாரம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் சொத்து வரி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அது 18 லட்சமாக உயர்ந்தாலும், பள்ளி, பூங்கா, நூலகம் எல்லாம் பழைய 10 லட்சத்தையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கூடுதலான 8 லட்சம் அவ்வட்டாரத்தின் தனி நிதிக்குப் போய்விடும். சிகாகோ நகரம் உள்ள இல்லினாய் மாநிலத்தில் இது பொதுவாக 23 ஆண்டுகள் நீடிக்கும்.

திட்டம் இல்லாவிட்டால் அந்த 8 லட்சம் வந்தே இருக்காது என்றால் யாருக்கும் நட்டமில்லை. சட்டமும் அதைத்தான் நிபந்தனையாக வைக்கிறது. எப்படியும் விலை ஏறக்கூடிய இடமாக இருந்தால்? அங்கேதான் சிக்கல்.

மலேசிய மாணவர்களுக்கு இது சட்டென்று விளங்காமல் போகலாம். இங்கே மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. பள்ளிச் செலவை மத்திய அரசு பார்த்துக்கொள்கிறது. சிகாகோவிலோ சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கு உரியது.

அந்நகரம் 2013இல் மாணவர் குறைவையும் நிதிப் பற்றாக்குறையையும் காரணம் காட்டி ஏறக்குறைய 50 பள்ளிகளை மூடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரலில், ஆற்றங்கரையில் இருந்த பழைய தொழிற்சாலை நிலத்தில் 'லிங்கன் யார்ட்ஸ்' திட்டத்துக்கு 1.3 பில்லியன் டாலர் வரை இந்த நிதியிலிருந்து தர நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. அதை ஒட்டியிருப்பது நகரின் செல்வந்தர் வட்டாரங்களுள் ஒன்றான லிங்கன் பார்க். அப்படிப்பட்ட இடத்தைத் தூக்கிவிட வரிப்பணம் எதற்கு என்று ஆசிரியர் சங்கம் கேட்டது. நியாயமான கேள்விதான். திட்டமிட்ட கோபுரங்களில் பெரும்பாலானவை பிறகு எழவும் இல்லை.

தொடங்கிவைத்த கலிபோர்னியாவிலேயே மாநிலச் சொத்து வரியில் சுமார் 12 விழுக்காடு இப்படித் திசைதிரும்பியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில், 2012 பிப்ரவரியில், அதை நிர்வகித்த ஏறத்தாழ 400 அமைப்புகள் கலைக்கப்பட்டன.

இல்லினாய் வேறு வழியை எடுத்தது. சிகாகோவின் பழைய இரயில் தடங்களைப் புதுப்பிக்க 2016இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி வரி உயர்வில் பள்ளிகளின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட வேண்டும்; மீதியில்தான் இரயிலுக்குப் பங்கு.