பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள்

திருநெல்வேலி டவுணில் பிளஸ் 2 முடித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் தமிழ்நாடெங்கும் வழங்கத் திட்டமிடப்பட்டது. வாங்கிய பிள்ளை இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறது. லேப்டாப் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால், "ஆன் பண்ணவே பத்து நிமிஷம் ஆகுது, தூக்கிப் போட மனசில்ல" என்பார்கள். தூக்கிப் போட வேண்டாம். பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் போட்டு ஓடக்கூடிய இயந்திரம் அது. மாற்ற வேண்டியது அதன் இயங்குதளத்தை.

அந்த லேப்டாப் கைக்கு வந்தபோதே அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸை மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அதே காலகட்டத்தில் எல்காட் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். ஆக, தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. ஆனால் பாஸை மாணவர்களின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்களே தவிர, உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் முறை 'ஹேங்' ஆனதும் சர்வீஸ் கடைக்குப் போனது, கடையில் ஃபார்மெட் அடித்து லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டார்கள், பாஸ் அழிந்தது. இதுதான் பெரும்பாலும் நடந்த கதை. நல்ல வாய்ப்பு ஒன்றை அப்படித் தவறவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது அந்த வாய்ப்பு வேறு வழியில் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். 2017-க்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 7-இலேயே நின்றுவிட்ட அரசு லேப்டாப்புகளுக்கோ 2020 ஜனவரியோடு எல்லாம் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் பேங்க் கணக்கைத் திறப்பது நல்லதல்ல.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. அதன் உட்கருவை 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதே உட்கருதான். அதன்மேல் கட்டப்பட்ட வகைகள் ஏராளம். விண்டோஸ் பழகிய வீட்டுக்கு நான் சொல்வது லினக்ஸ் மிண்ட். இடது மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார் என்று பார்த்த முகமாகவே இருக்கும். பழைய லேப்டாப் என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் ஓடும்; நிம்மதியாக ஓட 4 ஜிபி வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

மாற்றுவதற்கு முன், முதலில் பேக்கப். படங்கள், சான்றிதழ்கள், பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்பிலும் சிந்துபூந்துறையிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு மிண்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்க வேண்டும், ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் எழுத வேண்டும். பென்டிரைவில் இருப்பது அழிந்துபோகும், கவனம். அதைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 (கம்பெனிக்குத் தக்கபடி மாறும்) அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே மிண்ட் திறக்கும். ஹார்ட் டிஸ்கை அது தொடாது. எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அரைநாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, டச்பேட் ஓடுகிறதா, வைஃபை பிடிக்கிறதா? வைஃபை சில லேப்டாப்புகளில் தெரியாது. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தால் நெட் வந்துவிடும். மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே தேடித் தரும். எல்லாம் சரி என்றால் மட்டும் இன்ஸ்டால். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் மிண்டைப் போடவும் வழி அங்கேயே இருக்கிறது.

தமிழ் தட்டச்சு வருமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. வரும். ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் கிடைக்கும். 1999-இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99-ஐயே பழகுங்கள். 'நெல்லை' என்று அடிக்க ந, எ, ல, ல, ஐ என்று ஐந்து தட்டு போதும். ல இரட்டிக்கும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், விண்டோஸை விடுமுன் என்.எச்.எம். கன்வெர்ட்டரால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டாலியில் கணக்கு எழுதும் கடை, பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் மாற வேண்டாம். ஜெராக்ஸ் கடைகளில் நெடுங்காலமாக உழைக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சிரமம் தருவதில்லை. ஆனால் வீட்டில் செய்வது என்ன? பட்டா பார்ப்பது, ஈபி பில் கட்டுவது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பல்கலைக்கழக ரிசல்ட். எல்லாம் பிரவுசர் வேலை. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரேஆபீஸ் மிண்டோடு சேர்ந்தே வரும்.

படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டுப் பிளஸ் 1 கணினி அறிவியல் பாடத்திலேயே உபுண்டு வருகிறது, பிளஸ் 2-இல் பைத்தான். இரண்டுக்கும் இந்தப் பழைய லேப்டாப் போதும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்ப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மாற்றினார்கள். நம் பக்கம் விட்டுப்போனது அதுதான்.

தமிழில் உதவி வேண்டுவோருக்குக் கணியம் இதழ் 2012 முதல் எழுதி வருகிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்' மின்னூல் இலவசமாகக் கிடைக்கிறது. சர்வீஸ் கடை நடத்தும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள்: பழைய லேப்டாப் வந்தால் திருட்டு விண்டோஸை நீட்டாதீர்கள். மிண்ட் எழுதிய பென்டிரைவ் ஒன்றைக் கல்லாவில் வைத்திருந்து, வாடிக்கையாளரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்டால் செய்து, தமிழ்99 போட்டு, அரைமணி நேரம் சொல்லிக் கொடுப்பதற்குக் கூலி வாங்குங்கள். அது நியாயமான கூலி.