வீட்டில் அவிக்கும் வட்டிலப்பம்: யாருக்கு, எவ்வளவு?

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது எம்மிடம் தவறாமல் ஒரு கேள்வி வருகின்றது: "வாப்பாவுக்கு வட்டிலப்பம் கொடுக்கலாமா?" பெரும்பாலும் கொடுக்கலாம். ஆயினும் அது எவ்வாறு அவிக்கப்பட்டது, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்படுகின்றது என்பவற்றை அறிந்தே விடை கூற இயலும்.

எட்டுச் சிறு கிண்ணங்களுக்கு 5 முட்டை, 200 கிராம் கித்துள் கருப்பட்டி, 250 மில்லிலீற்றர் முதற்பால், சிறிது ஏலக்காய், சாதிக்காய்த்தூள் போதும். கருப்பட்டியைச் சிறிதளவு நீரில் உருக்கி, வடித்து, நன்கு ஆறவிடுதல் வேண்டும்; சூடான பாகில் முட்டை உடனே திரண்டுவிடும். முட்டையை நுரை எழாதவாறு கலக்கி, பாகினையும் பாலையும் சேர்த்து, மீண்டும் வடித்துக் கிண்ணங்களில் ஊற்றுக. மேலே அலுமினியத் தாளால் மூடாவிடின் மூடியிற் படியும் நீர் சொட்டும்.

இடியப்பம் அவிக்கும் பாத்திரமே போதும். நீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, 25 முதல் 30 நிமிடங்கள் வரை அவிக்கவும். இக்கலவை ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் இறுகும். கடுந்தீயில் நெடுநேரம் வைத்தால் புரதம் சுருங்கி நீரைக் கக்கும். உள்ளே துளைகள் தோன்றும். துளை விழுந்த வட்டிலப்பமே சிறந்தது என்பாரும் உளர். சுவை குறித்து நாம் வாதிடவில்லை. ஆனால் பக்கவாதத்தின் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு அது ஏற்றதன்று. துளைகளில் தேங்கும் பாகு பிரிந்து, தொண்டையில் முந்திச் சென்று, மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். அவர்களுக்குக் கஜுவும் வேண்டாம். எந்தப் பதத்தில் உண்ணலாம் என்பதைச் சிகிச்சையாளரிடம் முன்னரே கேட்டறிக.

கருப்பட்டி சீனியன்று, ஆகவே நீரிழிவுக்குத் தீங்கில்லை என்னும் நம்பிக்கை எம்மிடையே பரவலாக உள்ளது. அது தவறு. மேற்கூறிய அளவில் ஒரு கிண்ணத்தில் 25 கிராம் கருப்பட்டி உண்டு. அஃது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சீனிக்கு ஒப்பாகும். அரைக் கிண்ணத்துடன் நிறுத்தி, அவ்வேளைச் சோற்றையும் குறைத்துக்கொள்வது நன்று. இன்சுலின் பெறுவோரும், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தவேண்டிய சிறுநீரக நோயாளரும் வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது.

புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு முட்டை முற்றாக வெந்திருத்தல் இன்றியமையாதது. நடுவிற் குத்திய கத்தியில் கலவை ஒட்டக்கூடாது. ஆறியதும், அவித்த 2 மணி நேரத்துக்குள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் உண்டு முடிக்கவும். விடுதிக்குக் கொண்டுவருவோர் பனிக்கட்டி இட்ட பெட்டியிற் கொணர்ந்து, தாதியிடம் காட்டிய பின்னரே நோயாளிக்குக் கொடுக்க வேண்டுகின்றோம்.