தூக்கம் கெட்டால் பயம் வரும்!

டாக்டரைக் கண்டதும் அவர் பயந்து ஓடினார். "பிணத்தைப் புதைக்க ஆள் வந்துவிட்டான்" என்று நினைத்துக்கொண்டார்!

அவருக்குப் பைத்தியம் இல்லை. குடிவெறியும் இல்லை. 8 நாள் தூங்கவில்லை. அவ்வளவுதான்!

அவர் பெயர் பீட்டர் டிரிப். நியூயார்க் நகரில் ரேடியோவில் இசைத்தட்டு போடுகிறவர், வேடிக்கையாகப் பேசுகிறவர். 1959-ம் ஆண்டு ஜனவரி மாதம், தர்ம நிதி திரட்டுவதற்காகத் தூங்காமல் இருக்கப்போவதாக அறிவித்தார். நகரத்தின் நடு மையத்தில், டைம்ஸ் சதுக்கத்தில், ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் சிரித்துப் பேசினார். நாள் ஆக ஆக, முகம் மாறியது. தன் பூட்சுக்குள் சிலந்தி வலை இருப்பதாகச் சொன்னார். மேஜை அறையில் தீப்பிடித்து எரிகிறது என்றார். தனக்கு உதவி செய்ய வந்த டாக்டர்களே சதி செய்வதாகச் சந்தேகப்பட்டார். கடைசி நாட்களில் தூக்கத்தை விரட்டும் மருந்தும் சாப்பிட்டார். அதுவும் சேர்ந்துகொண்டு ஆட்டிப் படைத்தது.

மொத்தம் 201 மணி நேரம் விழித்திருந்தார். பிறகு படுத்தார். 13 மணி நேரம் தூங்கினார். எழுந்தபோது சிலந்தியும் இல்லை, தீயும் இல்லை!

காவல் நாய்

தூக்கத்துக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குப் பெயர் அமிக்டலா. ஆபத்து வந்தால் முதலில் குரைக்கும் காவல் நாய் அதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, வீட்டுக்காரர் மாதிரி. "சும்மா இரு, வந்தவர் தபால்காரர்தான்" என்று நாயை அடக்குவது அதன் வேலை.

2007-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலரை ஒரு நாளுக்கு மேல் தூங்கவிடாமல் வைத்து, கோரமான படங்களைக் காட்டினார்கள். நன்றாகத் தூங்கியவர்களைவிட, தூங்காதவர்களின் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது! அதை அடக்கவேண்டிய பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்துபோயிருந்தது. நாய் குரைக்கிறது, வீட்டுக்காரரைக் காணோம்!

8 நாள் விழிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு ராத்திரி போதும். தூக்கம் இல்லாத ஒரே இரவில், மனப் பதற்றம் 30 சதவீதம் வரை கூடியதாக 2019-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. கனவு இல்லாத ஆழ்ந்த தூக்கம்தான் பதற்றத்தை அதிகமாகத் தணிக்கிறதாம்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. கவலையால் தூக்கம் போகிறது. தூக்கம் போனதால் கவலை கூடுகிறது. மகள் கல்யாணக் கடன், மகன் பரீட்சை—பகலில் கடுகாக இருந்தது, நள்ளிரவில் மலையாகிவிடுகிறது. "ஐயோ, இன்றும் தூக்கம் வராதோ" என்பதே புதிய கவலை!

படுக்கையில் புரளாதீர்கள்

தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடப்பது தவறு. பாயைக் கண்டாலே மனம் பதறப் பழகிவிடும். சுமார் 20 நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து, வேறு இடத்தில் அமைதியாக உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். எப்போது தூங்கினாலும், காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். குடித்து 5 மணி நேரம் ஆனபிறகும் அதன் சத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும்.

வாரத்தில் 3 இரவு வீதம், 3 மாதம் தூக்கம் கெட்டால், டாக்டரிடம் காட்டவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கக்கூடாது.

பென்சிலும் காகிதமும்கூட உதவும். டெக்சாஸ் மாநிலத்தில் 57 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. முடிவு 2018-ல் வெளிவந்தது. படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர், இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள்.

இரண்டாவது கூட்டம் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டது. அதிலும், யார் விவரமாக எழுதினார்களோ, அவர்கள்தான் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள்!