பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் துரு

பழைய இலகுரக விமானம் வாங்குகிறவர் எஞ்சினுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது துருவை. நம் நாட்டு உதாரணம் புஷ்பக்: பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்து 1958இல் முதன்முதல் பறந்த, இருவர் அமரும் விமானம். உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே, ஈரம் தேங்கும் அடிக்குழாய் இற்றுப்போயிருக்கலாம். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டிக்காரருக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம், அதுவோ கடலோரத்தில். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நாஞ்சில் நாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டுமா? சோதனை மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்து, வால்பக்கக் குழாய்களின் அடிப்புறத்தைப் பார்க்க எஞ்சினியரிடம் சொல்லுங்கள்.

“எஞ்சின் அதிகம் ஓடவில்லை” என்பார் விற்பவர். அது நல்ல செய்தியல்ல. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் எண்ணெய் வடிந்து, கேம் ஷாஃப்ட்டும் சிலிண்டர் சுவரும் துருப்பிடிக்கும். கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் செய்தால் இந்தத் துரு முழுசாகத் தெரியாது. எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது பரிசோதித்த நாளின் நிலையைத்தான் சொல்லும். லாக்புக்தான் முழு ஜாதகம். அதில் சில வருடங்கள் விடுபட்டிருந்தால் விலையை அல்ல, விமானத்தையே சந்தேகியுங்கள். விற்பவரோடு சம்பந்தமில்லாத, உரிமம் பெற்ற எஞ்சினியர் பார்த்து முடிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.